கட்டையில் எண், பேரேட்டில் பெயர்

அந்தமானில், ஹாடோவிலிருந்து ஒரு சிறிய பாலத்தைத் தாண்டினால் சாத்தம். நடந்தே போய்விடலாம் என்பதால், அதைத் தனித் தீவு என்று ஊர்க்காரர்களே அவ்வளவாக நினைப்பதில்லை. பம்பூ பிளாட்டுக்குப் படகு பிடிக்க வருகிறவர்கள் ஜெட்டிப் பக்கம் போய்விடுவார்கள். சுற்றுலா வருகிறவர்கள் 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலைக்குள் நுழைவார்கள். ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று, வனத்துறை நடத்துவது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தையும் அங்கே காட்டுகிறார்கள். 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின் வரத்து குறைந்துவிட்டது. ஆனாலும் படாக் மரத்தின் சிவப்பைப் பார்க்கவேண்டுமானால் இதுதான் இடம்.

மென்பொருள் கட்டுரையில் மர ஆலைக்கு என்ன வேலை? காரணம் இருக்கிறது. காட்டில் வெட்டிய கட்டையின் வெட்டுமுகத்தில் சுத்தியலால் முத்திரை அடித்து எண் போடுவது இந்திய வனத்துறைகளின் பழைய வழக்கம். அந்த முத்திரையைப் போலியாக அடிப்பவருக்கும் அழிப்பவருக்கும் 1927ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி இரண்டாண்டு வரை சிறை உண்டு. அவ்வளவு மதிப்புள்ள அந்த அடையாளத்தில் ஆள் பெயர் எதுவும் கிடையாது. எண் யாருடையது, எந்தக் காட்டுப் பகுதியைச் சேர்ந்தது என்பதெல்லாம் பேரேட்டில்தான் இருக்கும். ஒரு டிப்போவின் கட்டைக்கு இன்னொரு டிப்போவின் பேரேட்டைப் பிரித்துப் பார்த்தால், அதே எண்ணுக்கு நேரே யாரோ ஒருவர் பெயர் இருக்கலாம். ஒருவருமே இல்லாமலும் போகலாம்.

லினக்ஸில் கோப்புகளின் உடைமை இப்படித்தான் இயங்குகிறது. ஒரு கோப்பு உங்களுடையது என்று கணினி சொல்லும்போது, அந்தக் கோப்பின் குறிப்பில் உங்கள் பெயர் எழுதியிருக்காது. பயனர் எண் ஒன்றும் குழு எண் ஒன்றும் இருக்கும். பெயர்கள் இருப்பது 'எட்சி' அடைவில் உள்ள 'பாஸ்வட்' என்ற கோப்பில். அதுதான் இங்கே பேரேடு. இயங்குதளத்தின் கருவான கர்னல் அந்தப் பேரேட்டைத் திறப்பதே இல்லை. ஒரு நிரல் ஒரு கோப்பைத் தொட வந்தால், நிரலின் எண்ணையும் கோப்பின் எண்ணையும் ஒப்பிடும். பொருந்தினால் உடைமையாளருக்குரிய அனுமதி. இல்லையென்றால் குழு எண்ணைப் பார்க்கும். அதுவும் பொருந்தாவிட்டால் மற்றவர்களுக்கென்று எழுதிவைத்தது. எண் 0 மட்டும் விதிவிலக்கு. அவர் ரூட், அவருக்கு ஏறக்குறைய எல்லாக் கதவும் திறக்கும். கோப்புகளைப் பட்டியலிடும்போது திரையில் தெரியும் பெயர், பட்டியலிடும் நிரல் நமக்காகப் பேரேட்டைப் புரட்டி எழுதிக் காட்டுவது. அதே 'எல்எஸ்' கட்டளையோடு 'என்' என்ற எழுத்தைச் சேர்த்துப் பாருங்கள், பெயர்கள் போய் எண்கள் வரும். கன்டெய்னரில், அதாவது தனிக் கோப்பு அமைப்போடு நிரலை அடைத்து ஓட்டும் பெட்டியில், அனுமதிச் சிக்கல் வந்தால் நான் முதலில் அடித்துப் பார்ப்பது இதைத்தான். பெயர்களை நம்பிப் பயனில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? டெபியன் விதிப்படி 0 முதல் 99 வரை எல்லாக் கணினிக்கும் பொதுவானவை, 100 முதல் 999 வரை கணினியின் உள்வேலைகளுக்கு. ஆட்களுக்கு 1000இல் தொடங்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் இதே முறைதான். தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸைத் திறந்து முதல் கணக்கு தொடங்கிய மாணவர் எவராயினும், அவர் எண் 1000. தூத்துக்குடியில் ஒருவர், தர்மபுரியில் ஒருவர், எல்லோரும் 1000. தனித்தனி வீட்டில் இருக்கும்வரை இதனால் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் நெடுங்காலம் 500இல் தொடங்கியது. 2014இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் 1000க்கு மாறியது. ஆப்பிள் மாக் இன்றும் 501.

தனித்தனி வீடுகளுக்கு நடுவே சுவரில் ஓட்டை போடும்போதுதான் சண்டை ஆரம்பிக்கிறது. இந்த ஓட்டை கன்டெய்னர் காலத்துக்கு முன்பே இருந்தது. 1980களின் நடுவில் சன் நிறுவனம் ஒரு கணினியின் வட்டை வலையமைப்பு வழியே இன்னொன்றில் பயன்படுத்தும் என்எஃப்எஸ் முறையைக் கொண்டுவந்தது. அதில் கம்பியில் போனதும் வெறும் எண்தான். இந்தக் கணினியில் 1003 முருகன், அந்தக் கணினியில் 1003 மேரி என்றால், முருகனின் கோப்பை மேரி திறந்துவிடுவாள். அதற்காக எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பேரேட்டை அனுப்பிவைக்கும் ஏற்பாட்டையும் சன் செய்தது. 0 என்று சொல்லிக்கொண்டு வரும் தொலைதூர ரூட்டை 65534 என்ற 'யாருமில்லாதவர்' எண்ணுக்கு இறக்கிவிடும் தந்திரமும் வந்தது. கன்டெய்னர் உலகம் இந்தப் பழைய பாடத்தை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தது என்பேன்.

கன்டெய்னர்களை உருவாக்கி ஓட்டும் டாக்கர் 2013 மார்ச்சில் வெளியே வந்தது. மென்பொருளைக் கட்டியெழுப்பும் பில்ட் வேலைக்கு அது உடனே பிடித்துப்போனதில் வியப்பில்லை. கம்பைலர் எந்தப் பதிப்பு, நூலகம் எந்தப் பதிப்பு என்று ஒவ்வொருவர் கணினியிலும் அடித்துக்கொள்ளாமல், எல்லாவற்றையும் ஓர் இமேஜில் பொதிந்து, அதிலிருந்து ஓடும் கன்டெய்னருக்குள்ளே கட்டி முடித்து வெளியே எடுக்கலாம். உள்ளே இருப்பது தனிக் கோப்பு அமைப்பு, அதில் தனி 'எட்சி', அதில் தனிப் பேரேடு. ஆனால் கர்னல் ஒன்றுதான், அது கன்டெய்னரைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியுடையது. பேரேடு இரண்டு, அதைப் படிக்காத கர்னல் ஒன்று. மொத்தச் சிக்கலும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கிறது.

மூலநிரல் இருக்கும் அடைவை ஹோஸ்டிலிருந்து கன்டெய்னருக்குள் இணைக்கிறோம். அங்கே தெரிவது நகல் அல்ல, அதே கோப்பு, அதே எண். கன்டெய்னர் வேறு சொல்லாவிட்டால் ரூட்டாகவே ஓடும். பில்ட் முடிந்தபின் உங்கள் அடைவில் கிடக்கும் வெளியீடு எண் 0க்குச் சொந்தம். நீங்கள் 1000. திருத்த முடியாது. அழிக்க முயன்றால் இன்னொரு வேடிக்கை. லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மேல் உரிமை வேண்டியதில்லை, அது இருக்கும் அடைவின் மேல் எழுதும் உரிமை இருந்தால் போதும். ஆகவே உங்கள் அடைவில் ரூட் போட்ட ஒற்றைக் கோப்பை அழித்துவிடலாம். ரூட் உருவாக்கிய துணை அடைவுக்குள் இருக்கும் கோப்பைத் தொடமுடியாது. பாதி அழிகிறது, பாதி மறுக்கிறது, பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது. இணைக்கச் சொன்ன அடைவு ஹோஸ்டில் இல்லாவிட்டால், சுருக்கமான இணைப்பு முறையில் டாக்கர் அதைத் தானே உருவாக்கிவிடும், அதுவும் ரூட் பெயரில். எழுத்துப்பிழையோடு பாதையை அடித்தவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட அடைவுகள் ஏராளம்.

அந்தமானில் இதன் எரிச்சல் ஒரு படி கூடுதலாக இருப்பதற்குப் புவியியல் காரணம். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் இழுத்த ஒளியிழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் இங்கே இணையம் என்றால் செயற்கைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை எட்டி, தரைக்கு இறங்கி, பதிலும் அதே வழியில் வரவேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு கேள்விக்கு விடை வர அரை நொடி. பில்ட் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான சிறு பொதிகளைத் தனித்தனியாகக் கேட்கும் வழக்கமுடையது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு முறை இறக்கியதை வட்டில் சேமித்துவைத்து, அந்தச் சேமிப்பு அடைவை எல்லாக் கன்டெய்னர்களுக்கும் இணைத்துக்கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அங்கேதான் சிக்கலும் பெருகும். ரூட்டாக ஓடிய ஒரு பில்ட் அந்தச் சேமிப்புக்குள் எழுதிவிட்டுப் போனால், 1000ஆக ஓடும் அடுத்த பில்ட் நடுவழியில் நிற்கும். சிக்கனத்துக்காகப் பகிர்ந்த அடைவே பூட்டாகிவிடும். கம்பி வந்தபின் அவசரம் குறைந்தது. பகிரும் பழக்கம் நல்லதாகையால் நிலைத்துவிட்டது, நிலைக்கட்டும்.

இதற்கு எல்லோரும் முதலில் கையிலெடுப்பது 777 என்ற அனுமதி எண். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். எனக்கு இது பிடிக்காது, பாதுகாப்புக்காக மட்டுமல்ல, வேலைக்கே ஆகாது என்பதால். இன்று இருக்கும் கோப்புகளுக்குத்தான் 777 ஒட்டும். நாளைக்குப் பில்ட் உருவாக்கும் புதிய கோப்பு வழக்கமான கட்டுப்பாட்டோடே பிறக்கும், உடைமையாளர் தவிர வேறெவரும் எழுத முடியாது. போதாக்குறைக்கு, தனித் திறவுகோல் கோப்பை மற்றவர் படிக்கமுடிந்தால், தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடவே மறுத்துவிடும்.

அடுத்தது உடைமை மாற்றும் 'சோன்' கட்டளை. பில்ட் முடிந்ததும் எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்று. இது வேலை செய்கிறது, ஒவ்வொரு முறையும் செய்தால். ஆனால் இதை இமேஜ் உருவாக்கும் படிகளுக்குள்ளே தனிப் படியாக எழுதுபவர்களைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றும். இமேஜ் அடுக்கடுக்காக அமைகிறது. கீழடுக்கில் உள்ள கோப்பின் உடைமையை மட்டும் மேலடுக்கில் மாற்றினாலும், பொதுவாக முழுக் கோப்பும் மேலே நகலாகிறது. 800 மெகாபைட் அடைவுக்கு ஒரு வரி 'சோன்' எழுதினால் இமேஜில் இன்னொரு 800 மெகாபைட் கூடும். செயற்கைக்கோள் காலத்தில் இங்கே ஒரு பிற்பகலை விழுங்கியிருக்கும். கோப்பை நகலெடுக்கும் படியிலேயே உடைமையாளரையும் சொல்லிவிட டாக்கரில் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் இந்தச் சுமை இல்லை.

மூன்றாவது வழி, பெயரை ஒத்துப்போகச் செய்வது. ஹோஸ்டில் 'பில்டர்' என்று ஒரு கணக்கு, கன்டெய்னரிலும் 'பில்டர்'. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்; கர்னலுக்கு இரண்டு பெயருமே தெரியாது.

எண்ணையே ஒத்துப்போகச் செய்வது சரியான திசை. இமேஜ் கட்டும்போதே உங்கள் எண்ணை உள்ளே எழுதிவிடலாம். உங்களுக்கு ஒழுங்காக ஓடும். பக்கத்து மேசைக்காரர் எண் 1002 என்றால் அவருக்கு வேறு இமேஜ். எல்லோருக்கும் ஒரே சூழல் என்பதற்காகத்தான் கன்டெய்னருக்கே வந்தோம்! இதில் அண்மையில் ஒரு திருப்பம் வேறு. உபுண்டுவின் அதிகாரபூர்வ இமேஜில் 23.04 பதிப்பு முதல் 'உபுண்டு' என்ற பயனர் ஏற்கெனவே இருக்கிறார், அவர் எண் 1000. நோடு இமேஜிலும் 'நோடு' என்பவர் 1000. அதனால் பல ஆண்டுகளாக '1000 எண்ணில் ஆளைச் சேர்' என்று எழுதிவைத்திருந்த பில்ட் கோப்புகள் உபுண்டு 24.04க்கு மாறியதும் 'இந்த எண் ஏற்கெனவே உண்டு' என்று சொல்லி நின்றன. அந்தக் கோப்புகளை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் எண்ணைத்தானே சரியாகச் சொன்னார்கள். இமேஜ் கட்டும் நேரத்தில் சொன்னதுதான் தவறு. யார் ஓட்டப்போகிறார் என்பது ஓட்டும் நேரத்தில்தான் தெரியும். எண்ணை அப்போதுதான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஓட்டும்போது எண்ணைக் கொடுக்க டாக்கரில் ஒரு தெரிவு உண்டு. உங்கள் பயனர் எண், குழு எண் இரண்டையும் கொடுத்தால் உள்ளே வேலை முழுக்க அந்த எண்ணில் நடக்கும், வெளியே வரும் கோப்புகள் உங்களுடையவை. பல குழுக்களுக்கு இதுவே போதும். ஆனால் உள்ளே இருக்கும் பேரேட்டில் இந்த எண்ணுக்கு வரி இல்லை. ஷெல்லைத் திறந்தால் பாஷ் தன் வரித்தொடக்கத்தில் 'எனக்குப் பெயரில்லை' என்று ஆங்கிலத்தில் ஆச்சரியக்குறியோடு எழுதும். முதன்முறை பார்ப்பவர் கிண்டல் என்று நினைப்பார். கர்னலுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது, கஷ்டப்படுவது நிரல்கள். பெயர் கிடைக்காவிட்டால் எஸ்எஸ்ஹெச் ஓட மறுக்கும். வீட்டு அடைவு எது என்று தெரியாததால் சில கருவிகள் தங்கள் சேமிப்பை வேர் அடைவிலேயே எழுதப் போய், அங்கே அனுமதியின்றித் திரும்பிவரும். மருந்து சுலபம். வீட்டு அடைவை எழுதக்கூடிய ஓரிடமாக வெளிப்படையாகச் சொல்லிவிடுவது, வேண்டுமானால் ஹோஸ்டின் பேரேட்டைப் படிக்க மட்டும் அனுமதித்து உள்ளே இணைத்துவிடுவது. ரெட்ஹாட்டின் ஓபன்ஷிப்ட் இன்னும் துணிச்சலானது. கன்டெய்னருக்குத் தானே ஒரு பெரிய எண்ணை ஒதுக்கிவிடும், குழு எண்ணை மட்டும் 0 என்று வைக்கும். இமேஜ் எழுதுபவர் எழுத வேண்டிய அடைவுகளைக் குழு 0க்குத் திறந்துவைத்தால் எந்த எண் வந்தாலும் வேலை நடக்கும்.

இன்னொரு வகை, வாசலில் ஒரு சிறு நிரலை உட்கார வைப்பது. கன்டெய்னர் ரூட்டாகத் தொடங்கும். அந்த நிரல் இணைக்கப்பட்ட அடைவின் எண்ணைப் பார்த்து, பேரேட்டில் அதே எண்ணில் ஒரு வரி சேர்த்து, பிறகு 'கோசு' போன்ற கருவியால் அந்த ஆளாக மாறி உண்மையான வேலையைத் தொடங்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான், எஸ்எஸ்ஹெச்சும் முறைக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அடைவின் உடைமையாளரே 0 என்றால் நிரல் அதைக் கவனித்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வந்து பழைய இடத்துக்கே சேரும்.

எண் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை மூலநிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் காட்டியது. 2022 ஏப்ரலில் அதன் 2.35.2 பதிப்பு வந்தது. பலர் பகிரும் கணினியில் இன்னொருவர் வைத்த அடைவுக்குள் கிட்டை ஓட்டினால் அவர் எழுதிய கட்டளை உங்கள் பெயரில் ஓடும் ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க, அடைவின் உடைமையாளரும் ஓட்டுபவரும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால் கிட் நின்றுவிடும்படி மாற்றினார்கள். நியாயமான மாற்றம். ஆனால் அதுவரை ரூட்டாக ஓடிக்கொண்டு, ஹோஸ்டின் 1000க்குச் சொந்தமான மூலநிரலைப் படித்துவந்த எண்ணற்ற பில்ட் கன்டெய்னர்களில் வேலை தடைப்பட்டது. எண் பொருத்தம் ஒப்பனை வேலை என்று தள்ளிப்போட்டவர்கள் அந்த வாரம் அதற்கு உட்கார வேண்டியதாயிற்று.

ரூட்டாகவே ஓடிவிட்டுப் போகட்டும், அதுதான் கன்டெய்னருக்குள் அடைபட்டிருக்கிறதே என்பவர்களுக்கு 2019 பிப்ரவரியை நினைவூட்டலாம். கன்டெய்னர்களை ஓட்டும் 'ரன்சி' என்ற அடித்தளக் கருவியில் ஒரு ஓட்டை வெளியானது. உள்ளே ரூட்டாக இருக்கும் நிரல், ஹோஸ்டில் இருக்கும் ரன்சியையே மாற்றி எழுதிவிட முடிந்தது. உள்ளே இருக்கும் 0, வெளியே இருக்கும் அதே 0 என்பதே அந்த ஓட்டையை அவ்வளவு பெரிதாக்கியது.

இரண்டு 0களும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. லினக்ஸ் 3.8, 2013 பிப்ரவரி, டாக்கருக்கு ஒரு மாதம் முன்னால்: பயனர் பெயர்வெளி என்ற வசதி அதில் முழுமையடைந்தது. இதுவரை பேரேடு பற்றிக் கவலைப்படாத கர்னல், இங்கே எண்ணுக்கு எண் மாற்றும் ஓர் அட்டவணையை வைத்துக்கொள்கிறது. உள்ளே 0 என்றால் வெளியே 1000. உள்ளே 1 என்றால் வெளியே 100000, 2 என்றால் 100001, இப்படியே. ஒவ்வொரு பயனருக்கும் எத்தனை எண் கடன் என்று 'சப்யூஐடி' கோப்பில் எழுதியிருக்கும், வழக்கமாக 65536. டாக்கரைப் போலவே கன்டெய்னர்களை ஓட்டும் பாட்மேன், சாதாரணப் பயனராக ஓடும்போது இதைத்தான் செய்கிறது. டாக்கரிலும் ரூட் இல்லாத முறை 2020 டிசம்பரின் 20.10 பதிப்பில் முழு ஆதரவு பெற்றது. இந்த முறையில் அறிவுரை தலைகீழாகிறது. உள்ளே ரூட்டாக ஓடுவதே நல்லது, ஏனென்றால் அந்தக் கோப்பு வெளியே வரும்போது உங்களுடையது. நல்ல பழக்கம் என்று உள்ளே 1000ஆக இறங்கி ஓடினால், வெளியே 100999 என்ற எண்ணுக்குச் சொந்தமான கோப்பு கிடக்கும். ஹோஸ்டின் பேரேட்டில் அப்படி ஒருவர் இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே எண்ணாக வைத்துக்கொள்ளும் தெரிவு பாட்மேனில் உண்டு, இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளை அப்படியே ஒட்டுகிறவர்கள் அதைத்தான் தவறவிடுகிறார்கள். 2021 ஏப்ரலின் லினக்ஸ் 5.12 இன்னும் ஒரு படி போய், இணைப்புக்கே ஓர் அட்டவணை தந்தது. வட்டில் எண் மாறுவதில்லை, அந்த வழியாகப் பார்க்கும்போது மட்டும் வேறு எண்ணாகத் தெரியும்.

பயனர் எண்ணை ஒருவழியாகச் சரிசெய்தவர்களுக்கு மிஞ்சும் தொல்லை குழு எண். மாக்கில் எல்லோருடைய முதன்மைக் குழுவும் 'ஸ்டாஃப்', அதன் எண் 20. டெபியனில் 20 என்பது 'டயல்அவுட்', அதாவது தொடர்முனை வழியே மோடத்தை இயக்க அனுமதி பெற்றவர்கள். மாக்கில் பிறந்த கோப்பு அந்த எண்ணோடே டெபியன் கன்டெய்னருக்குள் வந்தால், இந்தக் காலத்தில் மோடம் குழுவின் சொத்தாகத் தெரியும். இது வெறும் வேடிக்கை என்று விட்டுவிடலாம், உணர்கருவிப் பலகைக்கு நிரல் ஏற்றும் வேலை வரும்வரை. பலகை யூஎஸ்பி வழியே தொடர்முனையாகத் தெரியும், அதைத் திறக்க டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். ஃபெடோரா ஹோஸ்டில் அந்தக் குழுவின் எண் 18, டெபியன் கன்டெய்னரில் 20. கன்டெய்னரை ஓட்டும்போது கூடுதல் குழுவாக 'டயல்அவுட்' என்று பெயரைக் கொடுத்தால் டாக்கர் அதைக் கன்டெய்னரின் பட்டியலில் தேடி 20 என்று எடுத்துக்கொள்ளும், முனை திறக்காது. 18 என்று எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், திறக்கும்.